ரேடாருக்கு ஒரு காதுப் பரிசோதனை

நான்காயிரம். ஒரு நொடிக்கு நான்காயிரம் அதிர்வுகள். கொசுவின் ரீங்காரம் இதற்கு வெகு கீழே. மனிதர்களின் பேச்சில் பெரும்பகுதி இதற்குக் கீழே. தேய்ந்த பேரிங் ஒன்று சுழலும்போது போடுகிற மெல்லிய கீச்சு இதற்கு மேலே. மின்விசிறி மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எல்லாரும் ‘ரேடார்’ என்று கூப்பிடும் நாற்பத்தொரு வயதுப் பெண்ணின் இரண்டு காதுகளும் ஏறக்குறைய இந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன.

அவருடைய வேலை, அந்தக் கீச்சைக் கேட்பது.

ரேடாருக்குக் கண் தெரியாது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. “போனதைக்கூடத் தாங்கிட்டேன், வந்ததைத்தான் தாங்க முடியல” என்பார். வந்தது என்று அவர் சொல்வது அடுத்தவர்களின் அபிப்பிராயத்தை. பார்வை போன கொஞ்ச நாளிலேயே, பார்க்க வந்தவர்கள் அவருக்கு இரண்டு பொருள்களைத் தாங்களாகவே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்று தேன் குரல். இன்னொன்று பாம்புச் செவி. இரண்டும் அவரிடம் இல்லை.

“ஒரு பாட்டுப் பாடும்மா, கேப்போம்” என்று எந்த விருந்தாளி வந்தாலும் ஆரம்பிப்பார். அம்மா குறுக்கே விழுவார். “வேணாங்க. இவ பாடினா மாடி வீட்டுக்காரங்க சொல்லாம கொள்ளாம காலி பண்ணிடுவாங்க.” அண்ணனுக்கு வேறு விளையாட்டு. பூனை போலப் பின்னால் வந்து நின்று, “நான் யாரு, சொல்லு பாப்போம்” என்பான். “வாயைத் தொறந்து கேட்டுட்டு யாருன்னு வேற கேக்கறியே, நீயெல்லாம் எப்படிண்ணா பாஸ் பண்றே?” என்பாள் தங்கை. வீடே சிரிக்கும். ஆனால் அண்ணன் மறுநாள் பள்ளியில் போய், என் தங்கச்சி மூச்சுச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்றுதான் அளப்பான்.

பார்வையற்றோர் பள்ளியில் படித்தார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு கணினி கற்றார். வேகமாகத் தட்டச்சு செய்வார். ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டுப் போனபோது அங்கிருந்த அதிகாரி மிகுந்த வருத்தத்தோடு சொன்னாராம்: “பாட்டு டீச்சர் வேலை எதுவும் காலி இல்லையேம்மா.”

அப்படிப் பல வாசல்கள் ஏறி இறங்கிய பிறகுதான் மின்விசிறித் தொழிற்சாலை கூப்பிட்டது. அதன் மேலாளருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. ஓடும் மோட்டாரின் சத்தத்தைக் கேட்டு நல்லது கெட்டது பிரிக்க ஆள் வேண்டும். “ஒண்ணை எடுத்தவன் இன்னொண்ணைக் குடுக்காமலா போயிருப்பான்?” என்று சொல்லிப் பார்வையற்றவர்கள் நான்கு பேரை எடுத்தார். நல்ல மனசுதான். நான்கு குடும்பங்கள் அந்த யோசனையால் சாப்பிட்டன. அதனால்தான் அதை யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

கேட்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாவற்றிலும் மேடும் பள்ளமுமான பஞ்சு அட்டை. நடுவில் இடுப்புயர இரும்பு ஸ்டாண்டுகள். மோட்டாரை அதில் பொருத்தி, சுவிட்சைத் தட்டி, ஓடவிட்டுக் கேட்க வேண்டும். நல்லது இடப்பக்கத் தட்டுக்கு, கெட்டது வலப்பக்கத் தட்டுக்கு. உறுமினால் பேரிங் இறுக்கம். டிக் டிக் என்றால் எங்கோ திருகு தளர்ச்சி. கீச்சென்றால் பேரிங்கே பழுது. முதல் மூன்று மாதம் நல்ல மோட்டாரையும் கெட்ட மோட்டாரையும் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பழக்கினார்கள்.

“மூணு மாசம் உக்காரவச்சுச் சொல்லிக் குடுத்தா யாருக்கு வேணாலும் வரும்” என்று ரேடார் அப்போதே சொன்னார். பார்வையுள்ள ஒருவரையும் அங்கே உட்காரவைத்துப் பார்க்கவில்லை. வரம் என்று முடிவு செய்தபிறகு பயிற்சி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால் மேலாளர் அவர்களை முதலில் கூட்டிவருவது இந்த அறைக்குத்தான். “ஊசி விழுந்தாக்கூட, ஊசின்னு சொல்லிடுவாங்க” என்று வாசலிலேயே அறிவிப்பார். உள்ளே வந்து யாராவது எதையாவது கீழே போடுவார்கள். “ஊசி” என்பார் ரேடார். கைதட்டல் எழும். ஒருமுறை அப்படிக் கைதட்டல் முடிந்து எல்லாரும் போன பிறகு, பெட்டி எடுக்க வந்த லோடர் அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அக்கா, அந்த ஆளு போட்டது பேனா மூடி.”

“அய்யய்யோ. அவரு என்ன சொன்னாரு?”

“எதுவும் சொல்லல. மூடிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டு அவரும்தான் கை தட்டினாரு.”

இருவரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பஞ்சு அட்டைக்கும் வேலை இருந்தது.

இந்த லோடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டு நிறைந்ததும் மோட்டார்களைப் பெட்டியில் அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, பேக்கிங்குக்குக் கொண்டுபோவது அவர் வேலை. கேட்பு அறைக்குள் வரும்போதெல்லாம், “வண்டி வருது, காலப் பாத்துக்குங்க” என்று குரல் கொடுப்பார். கொடுத்துவிட்டு, “மன்னிக்கணும், காலக் கேட்டுக்குங்க” என்று தானே திருத்திக்கொள்வார். வீடு கால்வாய்க்கரைக் குடியிருப்பில். அந்தப் பகுதி ஆட்கள் என்றால் நகரத்தில் ஒரு தீர்ப்பு உண்டு: குடிப்பார்கள், பொருளை வைக்கமாட்டார்கள், போடுவார்கள். லோடர் வேலைக்கு அவர்களைத்தான் எடுப்பார்கள். ஏதாவது உடைந்தால் முதலில் கூப்பிடுவதும் அவர்களைத்தான்.

ரேடாருக்குக் கிடைத்தது புகழ் என்பதால் அது அவரை என்ன செய்தது என்று வெளியே தெரியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தொழிற்சாலைக்குக் காதுப் பரிசோதனை வண்டி வரும். தகடு வெட்டும் ஸ்டாம்பிங் பிரிவில் சத்தம் காதைக் கிழிக்கும் என்பதால் அங்கிருக்கும் எல்லாருக்கும் பரிசோதனை கட்டாயம். கேட்பு அறைக்குக் கிடையாது. ஒருமுறை ரேடாரே கேட்டார்.

“உங்களுக்கா? சூரியனுக்கு டார்ச் அடிக்கச் சொல்றீங்களே அக்கா!” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள்.

காதடைப்பானும் அப்படித்தான். கேட்பு அறைக்குப் போக ஸ்டாம்பிங் பிரிவைக் கடந்துதான் போக வேண்டும். சாப்பாட்டுக் கூடம் அதற்கு ஒரு சுவர் தள்ளி. அவசர ஆர்டர் வந்தால் ஸ்டாண்டுகளை ஸ்டாம்பிங் பிரிவின் மூலையிலேயே போட்டு, “உங்களுக்கென்ன, இடி நடுவுலயும் ஊசி கேக்கும்” என்று வாரக்கணக்கில் வேலை வாங்குவார்கள். தகடு வெட்டுபவர் காதை அடைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்தப் பக்கம் ரேடார் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். காதடைப்பான் கேட்டதற்கு ஸ்டோரில் வந்த பதில்: “காத அடச்சுட்டா நீங்க எப்படிக்கா வேலை செய்வீங்க?”

வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் இடம் காலியானபோது ரேடார் விண்ணப்பித்தார். தொலைபேசியில் பேச வேண்டும், கணினியில் பதிய வேண்டும். இரண்டும் அவருக்குக் கைவந்தவை. மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்.

“சிங்கத்தக் கொண்டுபோய் வண்டியில பூட்டச் சொல்றியேம்மா. உன் காது இந்தக் கம்பெனியோட சொத்து.”

திட்டி அனுப்பினால் சண்டை போடலாம். புகழ்ந்து கதவைச் சாத்துகிறவரிடம் என்ன செய்ய முடியும்? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

போன ஆண்டு மழைக்காலத்தில் அவர் மகளுக்குக் காய்ச்சல். மகள் கல்லூரியில் முதல் ஆண்டு. அப்பா லாரி ஓட்டுநர், அன்றைக்கு ஊரில் இல்லை. ரேடார் கட்டிலில் உட்கார்ந்து மகளின் கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்து, அது சத்தம் போடக் காத்திருந்தார். சத்தம் போட்டதும் எடுத்து மகளிடமே கொடுத்து எண்ணைப் படிக்கச் சொல்வது வழக்கம். காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார்.

“அம்மா, இன்னும் எவ்ளோ நேரம்தான் கைய இறுக்கிக்கிட்டே இருக்கறது?”

“சத்தம் வரட்டும்டி.”

“அது எப்பவோ கத்தி ஓஞ்சிடுச்சும்மா.”

ரேடார் தெர்மாமீட்டரை எடுத்து மறுபடி முடுக்கி, தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மகள் “இப்போ” என்றாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல ஏதோ ஒன்று. மகளின் காய்ச்சல் மறுநாள் இறங்கிவிட்டது. அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டது.

வேலையில் அவர் விரல்களை நம்பத் தொடங்கினார். மோட்டார் ஓடும்போது ஸ்டாண்டின் கம்பியில் விரல் நுனியை வைப்பார். உறுமல் விரலில் தெரியும், தளர்ந்த திருகு தெரியும். கீச்சு மட்டும் தெரியாது. அது விரலுக்கு எட்டாத மெல்லிய சங்கதி. தட்டில் போடுவதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். பிறகு இடப்பக்கம் போடுவார்.

கேட்பு அறையில் அவருக்கு நெருக்கமானவர் அடுத்த ஸ்டாண்டில் நின்றவர். பேச்சில் சந்தம் வைத்துப் பேசுவதால் ‘புலவர்’. அவருக்கும் பார்வை கிடையாது. ரேடார் அவரிடம் மட்டும் சொன்னார். புலவர் மோட்டாரை நிறுத்தினார். சந்தமும் நின்றது.

“வாயத் தொறக்காதே.”

“அண்ணா, தப்பான மோட்டார் போயிடும்.”

“போகட்டும். காதுன்னுதானே உள்ள விட்டான்? காது இல்லன்னா எதுக்கு வச்சிருப்பான்? உன்னை மட்டும் அனுப்புவான்னு நெனக்கிறியா? பார்வை இருக்கறவன் ஒருத்தன் தப்புப் பண்ணா அவன் தப்புப் பண்ணான்பாங்க. நீ பண்ணா, கண்ணு தெரியாதவங்களே இப்படித்தான்பாங்க. நாலு பேரும் ஒண்ணா வாசல்ல நிப்போம். என் பையன் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் உன் காது நல்லாத்தான் இருக்கு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

மேற்பார்வையாளரிடம் சொல்லலாம். ஆனால் அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். அவர் குரலைக் கேட்ட முதல் நாளே கேட்பு அறை நான்கு பேரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். துருப்பிடித்த கேட்டைத் தரையில் இழுப்பது போன்ற குரல். “தண்ணி” என்றார் புலவர். “சிகரெட்டும்” என்றார் இன்னொருவர். “எங்கயோ அடிதடியில இருந்த ஆளு, குரலே சொல்லுதே” என்றார் ரேடார். ரவுடி என்று பெயர் வைத்தார்கள். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்களைக் கேலி செய்யும் அறை அது. ஆனால் குரல் பொய் சொல்லாது என்பதில் நான்கு பேருக்கும் ஒரு பெருமை.

ஒருநாள் அந்தக் குரல் ரேடாரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

“கைய எதுக்குக் கம்பியில வச்சிருக்கீங்க?”

“சும்மா... பழக்கம் சார்.”

“எதாவது பிரச்சினையா? இருந்தா சொல்லுங்க.”

அந்தக் குரலில் ‘சொல்லுங்க’ என்பது ‘மாட்டிக்கிட்டியா’ என்று கேட்டது. ஒன்றுமில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு, ரேடார் இடப்பக்கம் போட்ட மோட்டார்களில் ஒரு சரக்கு திரும்பி வந்தது. படுக்கையறையில் மின்விசிறி விசிலடிக்கிறது, குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று கடைகளில் புகார். பிரித்துப் பார்த்ததில் பேரிங் பழுது. தொழிற்சாலையே கூடியது. தப்பு எங்கே நடந்தது என்று தேடினார்கள். எந்தத் தொழிற்சாலையிலும் முதலில் தேட வேண்டிய இடம் பரிசோதனை செய்யும் மேசைதான். இந்தத் தொழிற்சாலையில் அந்த மேசைக்கு முன்னால் ஒரு நம்பிக்கை குறுக்கே நின்றது.

“ரேடார் பாஸ் பண்ணின மோட்டாரு” என்றார் மேலாளர். “அங்க தப்பு நடக்க வாய்ப்பே இல்ல. அதுக்கப்புறந்தான் ஏதோ நடந்திருக்கு. பெட்டியைத் தூக்கிப் போட்டா பேரிங் போகும். யாரு லோடர்? கால்வாய்க்கரை ஆளா? அப்புறம் என்ன, கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?”

விசாரணை அவ்வளவுதான். லோடரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இறுதி முடிவு மாதக் கடைசியில்.

மறுநாள் கேட்பு அறைக்குள் தள்ளுவண்டி குரல் கொடுக்காமல் வந்தது. ரேடாரின் செருப்பின் மேல் ஏறி இறங்கியது. புது ஆள். “சாரிங்க” என்றான். ரேடார் செருப்பைச் சரிசெய்துகொண்டார். தன் காதைப் பற்றி யாரிடமும் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. மகள் என்ன என்று கேட்டாள். தலைவலி என்றார்.

“அவனுக்கு வேற வேலை கெடச்சுடும்” என்றார் புலவர். “கையும் காலும் இருக்கு, எங்க வேணாலும் மூட்டை தூக்கலாம். நம்மள எவன் எடுப்பான்?”

“அவர் போடலண்ணா.”

“உனக்கெப்படித் தெரியும்? கால்வாய்க்காரன்தானே, போட்டிருப்பான்.”

“நீங்க கேட்டீங்களா?”

“எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்தான் எனக்குப் பாம்புச் செவின்னும் சொல்றாங்க.”

புலவர் தன் மோட்டாரை ஓடவிட்டார். ரேடார் சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். இத்தனை ஆண்டுகளாக அந்த லோடர் பெட்டியை வைக்கும் சத்தம் அவருக்குத் தெரியும். முதலில் ஒரு முனை தரையைத் தொடும், பிறகு மறுமுனை, பிறகு தூக்கிப் பிடித்த கயிறு விடுபடும் ஓசை. தூங்கும் குழந்தையை இறக்கிவைப்பது போல. இது தடித்த ஓசை, அவர் காதுக்குள் அடங்கும் ஓசை. இது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

டீ இடைவேளையில் சுவரைத் தடவிக்கொண்டு மேற்பார்வையாளரின் அறைக்குப் போனார்.

“சார், அந்த மோட்டாரெல்லாம் நான்தான் விட்டேன். எனக்குக் கீச்சு கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல. லோடர் மேல தப்பில்ல.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துவிட்டார் என்று ரேடார் ஓரடி பின்னால் நகர்ந்தார். நாற்காலி இவர் பக்கம் தள்ளப்பட்டிருந்தது.

“உக்காருங்கக்கா. அன்னிக்கே கேட்டேனே, பிரச்சினையான்னு. ஏன் சொல்லல?”

ரேடாருக்குப் பொய் வரவில்லை. “உங்க குரலக் கேட்டுப் பயந்துட்டேன் சார். நீங்க... தண்ணியடிக்கிற, முரட்டு ஆளுன்னு நெனச்சோம். ரவுடின்னு பேரே வச்சிருக்கோம்.”

துருப்பிடித்த கேட் ஒன்று விட்டு விட்டுத் திறந்து மூடியது. அவர் சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது.

“எட்டு வயசுல தொண்டையில ஆபரேஷன். மிச்சம் வச்சது இவ்ளோதான். கல்யாணம் நிச்சயமான புதுசுல பொண்ணுக்குப் போன் பண்ணேன். ‘ராங் நம்பர்’னு வச்சுட்டா. மூணு தடவ. அப்புறம் அவங்கப்பாவை விட்டுப் பேச வச்சா.”

ரேடாரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தனக்கு மற்றவர்கள் செய்ததைத் தானும் ஒருவருக்குச் செய்திருக்கிறார். அதுவும் ஒரு குரலை வைத்து. முதல் நாளே வந்து சொல்லியிருந்தால் சரக்கும் போயிருக்காது, லோடரும் போயிருக்க மாட்டார்.

இருவரும் மேலாளரிடம் போனார்கள். உண்மையைச் சொன்னால் போதும் என்று ரேடார் நினைத்திருந்தார். மேலாளர் முழுவதும் கேட்டார். பிறகு மேற்பார்வையாளர் பக்கம் திரும்பித் தழுதழுத்தார்.

“பாத்தீங்களா சார்? ஒரு ஏழையக் காப்பாத்தப் பழியத் தன் தலையில போட்டுக்கறாங்க. கண்ணு தெரியாதவங்க மனசே தனி. நமக்கெல்லாம் வருமா?”

“சார், மனசில்ல சார். காது” என்றார் ரேடார்.

“இந்தத் தன்னடக்கம் இருக்கு பாருங்க...”

தேன் குரல், பாம்புச் செவி, இப்போது மூன்றாவதாகத் தங்க மனசு. வெளியே வந்ததும் ரேடார் மேற்பார்வையாளரிடம் கேட்டார்: “பொய் சொன்னா நம்பற ஆளு, நெசத்தச் சொன்னா நம்பமாட்டேங்கறாரே, என்ன சார் செய்யறது?”

“வியாழக்கெழம ஸ்டாம்பிங்குக்கு டெஸ்ட் வண்டி வருதுக்கா” என்றது கரகரப்பு. “வரிசையில போய் நில்லுங்க. யாரும் தள்ளிவிட மாட்டாங்க, நான் நிக்கறேன்.”

நின்றார். முன்னும் பின்னும் தகடு வெட்டுபவர்கள். “அக்கா, பாதை மாறி வந்துட்டீங்களா?” என்றார் ஒருவர். “ஊசி எதாவது தொலஞ்சு போச்சா?” என்றார் இன்னொருவர். வண்டிக்குள் ஏறினார். கூண்டு போன்ற சின்ன அறை, காதை மூடும் கனத்த ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். பரிசோதகர் இளம்பெண். தடித்த ஒலிகளுக்கு ரேடாரின் விரல் உடனுக்குடன் அமுக்கியது. ஒலி மெலிந்து மேலே ஏற ஏற விரல் தாமதித்தது. பிறகு அப்படியே நின்றது. நெடுநேரம் ஒன்றும் வரவில்லை என்று காத்திருந்தார்.

“அடுத்தது ஆரம்பிக்கலியாம்மா?” என்று கேட்டார்.

கூண்டின் கதவு திறந்தது. “முடிஞ்சுடுச்சு” என்றார் அந்தப் பெண். தாளில் கோடு நேராக வந்து நான்காயிரத்தில் கிணற்றில் விழுவது போல விழுகிறது என்று விளக்கினார். சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தான். “ஸ்டாம்பிங்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“நான் ஸ்டாம்பிங் இல்லம்மா. கேட்பு அறை.”

அந்தப் பெண் தாளை மறுபடி பார்த்தார். “உங்களுக்கு ஏன் இவ்ளோ நாளா டெஸ்ட் பண்ணல?”

“எனக்குக் காது நல்லா கேக்கும்னு.”

தாள் மேலாளரின் மேசைக்குப் போனது. தாளில் இருந்ததை அவரால் தன்னடக்கம் என்று சொல்ல முடியவில்லை. புலவர் பயந்தது நடந்தது. ஒரே நாளில் மேலாளர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவினார். “அப்ப இவங்களால முடியாதுன்னுதானே அர்த்தம்? அறைய மூடிடலாம்” என்றார். முடியும், முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் இருப்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. மேற்பார்வையாளர் தன் தொண்டைக்கு ஆகாத அளவுக்குப் பேச வேண்டியிருந்தது. வேலை தெரியாமல் காது போகவில்லை, காதைப் பாதுகாக்காததால் போனது. மூட வேண்டியது அறையை அல்ல, ஸ்டாம்பிங் பக்கத்துக் கதவை என்றார். மூன்று சுற்று வாக்குவாதத்துக்குப் பிறகு மேலாளர் ஒத்துக்கொண்டது இவ்வளவு: நான்கு பேருக்கும் காதடைப்பான், மற்ற மூவருக்கும் பரிசோதனை, பார்வையுள்ள இருவரை அதே பயிற்சிக்கு உட்காரவைப்பது. அறையின் கதி பரிசோதனை முடிவைப் பார்த்து.

லோடர் திரும்பி வந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் பெட்டியைத் தூக்கிப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையில் சேரச் சொன்னார்கள். “இதுவரைக்கும் போட்டாத்தானே இனிமே போடமாட்டேன்னு எழுத முடியும்?” என்று கேட்டு, எழுதாமல் இரண்டு நாள் வாசலில் நின்றார். பிறகு அதை விட்டுவிட்டார்கள்.

கேட்பு அறைக்குள் முதல் நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது வழக்கம்போல் குரல் கொடுத்தார். ரேடார் அருகில் வந்து நின்றார்.

“நான் போடலன்னு உங்களுக்குத் தெரியும்ல அக்கா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் அத்தனை நாள்?”

பயம், புலவர், மகளின் படிப்பு, கரகரத்த குரல் என்று ரேடாரிடம் பதில்கள் இருந்தன. “தப்புதான்” என்றார். லோடர் பெட்டியை இறக்கினார். ஒரு முனை, மறுமுனை, கயிறு. அக்கா என்று மறுபடி கூப்பிட அவருக்குச் சில வாரங்கள் ஆயின.

புலவர் இன்னும் பேசுவதில்லை. ரேடார் கேட்பு அறையில் இருந்த கடைசி நாட்களில், பக்கத்து ஸ்டாண்டில் அவர் சுவிட்சைத் தட்டிய வேகத்திலேயே கோபம் தெரிந்தது. அது கோபம்தானா என்று ரேடார் இப்போதெல்லாம் உறுதியாகச் சொல்வதில்லை. “சுவிட்ச வச்சு மனசச் சொல்ல நான் யாரு?” என்கிறார். நண்பருக்குத் தான் செய்தது நியாயமா என்று கேட்டால், “தெரியல. ஆனா அவர் பையன் படிப்பு முடியணும்” என்கிறார்.

புகார்ப் பிரிவு அவரை மூன்று மாதச் சோதனை அடிப்படையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. மெல்லிய குரல்களைத் தடித்த ஒலியாக மாற்றித் தரும் ஹெட்போன் ஒன்றை மேற்பார்வையாளர் தேடிப்பிடித்து வாங்கவைத்தார். அங்குள்ளவர்கள் முதல் நாளே கேட்டார்களாம், உங்கள் குரல் இனிமையாக இருக்கும் என்றார்களே, ஒரு பாட்டுப் பாடுங்களேன் என்று. பாடினார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை காலை பரிசோதனை வண்டி மறுபடி வருகிறது. கேட்பு அறையின் மூன்று பேரும் போக வேண்டும். முதலில் ஏறுகிறவர் புலவர்.